நடந்து போற தூரத்துல ஒரு ரூம்

செங்கல்பட்டு தாண்டிருச்சு. தாம்பரம் வர்றதுக்குள்ள அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிரணும். அண்ணே, இந்தத் தடவ நாங்க உங்க வீட்டுக்கு வரல, ஸ்டேடியத்துப் பக்கத்துல லாட்ஜுல ரூம் எடுத்திருக்கேன். அவ்வளவுதான், ஒரு மூச்சுக்குள்ள முடிஞ்சு போற பேச்சு. விழுப்புரத்துலயும் இப்படித்தான் நெனச்சேன், அப்ப இருட்டு, தூங்குற மனுசன எழுப்பக் கூடாதுன்னு விட்டேன். மேல்மருவத்தூர்ல விடிஞ்சிருச்சு, அப்ப டவர் இல்ல. இல்ல, பொய் சொல்லக் கூடாது, டவர் இருந்துச்சு, ரெண்டு கோடு இருந்துச்சு, நான்தான் போனைக் கவுத்தி மடியில வச்சுக்கிட்டேன். செங்கல்பட்டுல அண்ணனே கூப்பிட்டாரு. "கொடி, ட்ரெயின் ஒண்ணேகால் மணி நேரம் லேட்டாமே. நான் கடையத் தொறந்து வேலைப் பையன்ககிட்ட விட்டுட்டு நேரா எழும்பூர் வந்துருவேன். உங்க மதினியும் வாரா. எஸ் எட்டுதான?" சொல்றதுக்கு இதைவிட நல்ல நேரம் வருமா? சாமியே எடுத்துக் குடுத்த மாதிரி அவரே கூப்பிட்டு, அவரே பேச்சையும் ஆரம்பிச்சுக் குடுத்தா, இந்தப் பாழாப்போன வாய் என்ன சொல்லுச்சு? "சரிண்ணே." எஸ் எட்டுதாண்ணே, சரிண்ணே, வச்சிரவாண்ணே. நாப்பத்திமூணு வயசாகுது ஜெயக்கொடி உனக்கு, சிவகாசியில காலண்டர் ஆபீஸ்ல இருவது பொம்பளைகள மேய்க்கிற, கூலி குறைச்சுப் போட்டாருன்னு முதலாளி மேசைக்கு முன்னால போய் நின்னு பேசிருக்க, அண்ணன் குரலக் கேட்டதும் பாவாடை கட்டுன பிள்ள மாதிரி சரிண்ணேங்குற. தாம்பரம் வரட்டும். தாம்பரத்துல வண்டி நிக்கும், நிக்கிற வண்டியில பேசுறது நல்லது.

மேல் பெர்த்துல என் மக ஈஸ்வரி படுத்திருக்கா. தூங்கல. பபுள்கம்மை மென்னு மென்னு எச்சிய ஊற வச்சு ஒரு காலி பாட்டிலுக்குள்ள துப்பிக்கிட்டிருக்கா, கால் பாட்டில் ஆயிருச்சு. எதிர் சீட்டு அம்மா அருப்புக்கோட்டைக்காரங்க, ராத்திரியே பாத்துட்டு, "பிள்ளைக்கு வாந்தியா, எலுமிச்சம்பழம் இருக்கு தரவா"ன்னாங்க. வாந்தி இல்லக்கா, இவ வெயிட் தூக்குற பொண்ணு, நாளன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு எடை பாப்பாங்க, நாப்பத்தொம்பது கிலோவுக்கு ஒரு கிராம் கூடுனாலும் மேடை ஏத்த மாட்டாங்க, கிளம்பும்போது நாப்பத்தொம்பதே முக்கால் இருந்தா, அதான் தண்ணியக்கூட வத்த வைக்கிறான்னு சொன்னேன். அந்தம்மா நம்பல. பாத்த ஒடனே அவங்க கண்ணுல தெரிஞ்சுச்சு, பொம்பளப் பிள்ளைய வெயிட் தூக்க விட்டதுமில்லாம பட்டினி வேற போடுறாளேன்னு. புளியோதரைய எடுத்து நீட்டுனாங்க. வேண்டாங்க்கா. திரும்ப நீட்டுனாங்க. வேண்டாங்க்கா. மூணாவது தடவ வேண்டாம்னதும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க, அப்ப திரும்புன மூஞ்சி இன்னும் இந்தப் பக்கம் திரும்பல. பேர் தெரியாத ஒரு பொம்பளைக்கே இவ்வளவு கோவம். தட்டுல சோத்த வச்சுக்கிட்டு நீட்டுற கையத் தள்ளுறது கன்னத்துல அறையுறதுக்குச் சமம் நம்ம பக்கத்துல. அறையுறதக்கூட மறந்துருவாங்க. அண்ணன் பொண்டாட்டி சொர்ணம் மதினி மறக்க மாட்டாங்க, தங்கப்பழம் அண்ணன் மறக்கவே மாட்டாரு, எனக்குப் பொறந்த வீடுன்னு இருக்கறது இவங்க ரெண்டு பேர்தான், அப்பா அம்மா போனப்புறம் எனக்கு ஒரு சேலை எடுத்துக் குடுக்க வேற ஆள் இல்ல. நாக்கு வறண்டு அண்ணத்துல ஒட்டுது. நானும் நேத்து மத்தியானத்துல இருந்து தண்ணி குடிக்கல. அவ முன்னால குடிக்க மனசு வரல. அவுக அப்பா ஸ்டேஷன்ல வழியனுப்ப வந்தவரு சிரிக்கிறாரு, எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை என்னத்துக்குக் காயுதுன்னு. தீபாவளி சீசன், பட்டாசு ஆபீஸ்ல லீவு கெடையாது அவருக்கு. உங்க அண்ணன் வீடு, உங்க அண்ணன் பாடு, நீயே பேசிக்கன்னுட்டாரு. நல்ல ஆளு. நோவாம நழுவிட்டாரு.

ரூம் எடுத்தது தப்பில்ல. அதுல எனக்கு ரெண்டு நெனப்பு கெடையாது. கோச் மெர்லின் மேடம் தெளிவாச் சொன்னாங்க, "ஜெயக்கொடி அக்கா, நடந்து போற தூரத்துல தங்குங்க. ஸ்டேடியத்துல எடை மிஷின் வச்சிருப்பாங்க, சாயங்காலம் ஒரு தடவ ஏறிப் பாக்கணும், ராத்திரி ஒரு தடவ, காலையில ஒரு தடவ. கூட இருந்தா ஓடணும், ஓடிட்டுத் திரும்ப ஏறணும்." அண்ணன் வீடு கொளத்தூர்ல இருக்கு. கொளத்தூர்ல இருந்து அந்த டிராபிக்ல மூணு தடவ வந்து போறதுக்குள்ள போட்டியே முடிஞ்சு போகும். அதனால ஆபீஸ்ல மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, காலண்டர் அட்டைக்குத் தேதிக் கட்டு ஒட்டுற பசை கையோட காஞ்சு போயிருக்க, ஸ்டேடியம் இருக்கற பெரியமேட்டுல ஒவ்வொரு லாட்ஜாப் போன் பண்ணேன். மொத லாட்ஜு ஸ்டேடியத்து வாசலுக்கு நேர் எதிர்லயே, ஜன்னலத் தொறந்தா கேட் தெரியும்னு பெருமையாச் சொன்னான், கீழ என்ன கடைன்னு கேட்டேன், பிரியாணிக் கடைங்க, ரொம்ப பேமஸ்னான். நாளெல்லாம் அந்த வாசனை மூணு மாடி ஏறி வந்து பிள்ளை மூக்குல நிக்குமே, வேண்டாம்னு வச்சுட்டேன். ரெண்டாவது லாட்ஜுல, கூட ஜென்ட்ஸ் யாரு வர்றாங்கன்னு கேட்டான். யாரும் வரல, நானும் என் மகளும்தான்னேன். லேடீஸ் மட்டும்னா குடுக்கறதில்லைங்கன்னான். ஏன் தம்பி, நாங்க ரெண்டு பேரும் உன் லாட்ஜத் தூக்கிட்டுப் போயிருவமா, அவ தூக்குனாலும் தூக்குவா, அறுபத்தஞ்சு கிலோவ ஒரே இழுப்புல தலைக்கு மேல தூக்கி நிப்பா தெரியுமான்னேன். போனை வச்சுட்டான். மூணாவது எடத்துல ஜில்லா ஜில்லாவா டீம் வந்து அத்தனை ரூமும் போயிருச்சு. நாலாவது லாட்ஜு ஒரு சந்துக்குள்ள, கீழ தோல் பை விக்கிற கடை, மூணாவது மாடி, லிப்ட் கெடையாது, ஏசி கெடையாது, வெந்நீர் மட்டும் எந்நேரமும் வரும். நல்லது, அதான் வேணும்னேன். வேர்க்கணும். மாடிப்படி ஏறணும். வெந்நீர்ல நிக்கணும். பக்கத்துல சாப்பாட்டுக் கடை ஏதும் இல்லையேன்னு கேட்டேன். அந்த மேனேஜர் வயசான மனுசன். "ஏம்மா, எல்லாரும் என்ன வசதி இருக்குன்னு கேப்பாங்க, நீங்க என்ன வசதி இல்லைன்னு கேட்டுக் கேட்டுல்ல எடுக்குறீங்க"ன்னாரு. ஆதார் கார்டு ரெண்டு பேருதும் கொண்டாங்கம்மா, ரூம் உண்டுன்னாரு. மவராசன், நல்லா இருக்கணும்.

கூடுவாஞ்சேரி. இன்னும் பத்து நிமிசம் இருக்கும் தாம்பரத்துக்கு. ரூம் கெடச்சிருச்சு, அதைச் சொல்லத்தான் வாய் கெடைக்கல. ஆனா யோசிச்சுப் பாத்தா நான் சொல்லப் பயப்படுறது லாட்ஜ இல்லையே. லாட்ஜ சொன்னா ஏன்னு கேப்பாரு. ஏன்னு கேட்டா போன வருசத்தச் சொல்லணும். போன வருசத்துக்குப் போனா அங்க முழுப் பூசணிக்காயச் சோத்துக்குள்ள மறைச்சு வச்சிருக்கேன், அதத் தோண்டி எடுத்து இந்தாண்ணேன்னு அவரு கையில குடுக்கணும். போன வருசமும் இதே போட்டிதான், இதே ஸ்டேடியம்தான். அண்ணன் வீட்டுலதான் தங்குனோம், வேற எங்க தங்குறது, அண்ணன் மெட்ராஸ்ல மளிகைக்கடை வச்சு முப்பது வருசமாச்சு, ஊர்ல இருந்து யார் வந்தாலும் அந்த வீட்டு வாசல்லதான் செருப்பக் கழட்டணும், ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க, பரீட்சைக்கு வந்தவங்க, எல்லாரும். போய் எறங்கும்போது ஈஸ்வரி நாப்பத்தெட்டு தொள்ளாயிரம். நூறு கிராம் கம்மி. அப்படியே படுத்து எந்திரிச்சாப் போதும். மதினி என்ன பண்ணுவாங்க பாவம், அண்ணனுக்குச் சக்கரை, கேப்பைக் கூழும் கீரையும்தான் சாப்பாடு, மூத்தவன் பெங்களூர்ல, இளையவன் துபாய்ல, கடை நெறைய முந்திரியும் திராட்சையும் நெய்யும் இருந்தும் ஆக்கிப் போட ஆள் இல்லாத வீடு அது. ஈஸ்வரியக் கண்டதும் அடுப்ப அணைக்கவே இல்ல. கோழிக் கொழம்பு, ஆட்டுக்கால், நெய்ச்சோறு. ஈஸ்வரி, வேண்டாம் அத்த, காலையில எடை பாப்பாங்கன்னா. ஒரு வாய்தானத்தா, ஒரு வாய்ல என்ன ஏறிரப் போகுதுன்னு சோத்த உருண்டை புடிச்சுக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாங்க மதினி. இவ தலைய ஆட்டுறா. மதினிக்குக் கண்ணு கலங்கிருச்சு. அப்ப ஒரு குரல் சொல்லுச்சு, "அத்தை ஆசையாக் குடுக்கறாங்கள்ல, வாங்கிக்கடி." அது மதினி குரல் இல்ல. அண்ணன் குரலும் இல்ல. என் குரல். நான்தான் சொன்னேன். பிள்ள என்னைப் பாத்தா, வாயத் தொறந்தா. ஒரு வாய் ஒம்போது வாயாச்சு, அப்புறம் பாயசம், அப்புறம் பாயசத்துக்குத் தாகம், தாகத்துக்கு ரெண்டு செம்பு தண்ணி.

காலையில மிஷின்ல ஏறுனா நாப்பத்தொம்பது முன்னூத்தம்பது. இன்னும் ஒரு மணி நேரம் டைம் இருக்கு, கொறைச்சுட்டு வாங்கன்னு எடை பாக்குற அம்மா நல்லவிதமாத்தான் சொன்னாங்க. ரெண்டு ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு ஸ்டேடியத்தச் சுத்தி ஓடுறா. நானும் பின்னாலயே ஓடுறேன், நான் ஓடி என்ன ஆகப்போகுது, எலிப்புழுக்கை. வந்து ஏறுனா இருநூறு கிராம் கூட. திரும்ப ஓடுனா நூத்தி நாப்பது. கால் மணி நேரம்தான் இருக்கு. பாத்ரூம்ல உக்காந்து, அம்மா, முடிய வெட்டுன்னா. இடுப்பு வரைக்கும் முடி அவளுக்கு, மதினியே அதுக்குன்னு செக்குல ஆட்டுன எண்ணெய் குடுத்து விடுவாங்க. பக்கத்து டீம் பொண்ணுகிட்ட டேப் வெட்டுற கத்திரிய வாங்கி வெட்டுனேன். அது சின்னக் கத்திரி, முடி அடர்த்தி, நறுக்கு நறுக்குன்னு கடிச்சுக் கடிச்சு வெட்ட வேண்டியிருந்துச்சு. அவ அழல, சீக்கிரம்மா சீக்கிரம்மாங்குறா. வந்து ஏறுனா நாப்பத்தொம்பது எண்பது. எண்பது கிராம். ஒரு ரெண்டு இட்லி. மேசைய மூடிட்டாங்க. அவங்க மேல தப்பு இல்ல, ரூல்னா ரூல்தான், நேரம் முடிஞ்சிருச்சு. கையில சடைய வச்சுக்கிட்டு நான் நிக்கிறேன், உள்ள மத்த பிள்ளைங்க பேரை மைக்ல கூப்பிடறாங்க. சாயங்காலம் அண்ணன் கடையில இருந்து வீட்டுக்கு ஓடியாந்து, என்ன ஆச்சு கொடி, மெடல் எங்கன்னு கேக்குறாரு. பின்னால மதினி கைய மாரோட சேத்து வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. ஒங்க வீட்டுச் சோறு தின்னதால மேடை ஏறலைன்னு அந்த மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது? "தோத்துட்டாண்ணே"ன்னேன். சுலபமா வந்துச்சு. முடி என்னாச்சுன்னாரு. வேண்டுதல்ணேன்னேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் கூடவே துணைக்கு வந்து நின்னுச்சு. ஈஸ்வரி சன்னல் பக்கம் திரும்பி நின்னா. ஊருக்குத் திரும்புற வண்டியிலதான் வாயத் தொறந்தா. "நான் தோக்கலம்மா. தோக்கறதுக்குக்கூட என்னை விடல."

தாம்பரம் வந்திருச்சு. கூட்டம் ஏறுது, எறங்குது, சமோசாக்காரன் கூவுறான். போன் கையில இருக்கு. பேர எடுத்துட்டேன், பச்சைய அமுக்க வேண்டியதுதான் பாக்கி. என்ன சொல்லலாம்? போட்டி நடத்துற சங்கத்துல எல்லாப் பிள்ளைகளும் ஒரே எடத்துலதான் தங்கணும்னு உத்தரவு போட்டுட்டாங்கன்னு சொல்லலாம். நல்ல பொய் இது. யாரு மேலயும் பழி விழாது. அண்ணன் சங்கத்தத் திட்டுவாரு, மதினி அடுத்த வருசம் பாத்துக்கலாம்பாங்க, எல்லாரும் நல்லவங்களா இருந்துக்கலாம். உடம்பு சரியில்லைன்னு மட்டும் சொல்லக் கூடாது, சொன்னா அரைமணி நேரத்துல ரசத்தோட லாட்ஜுக்கே வந்து நிப்பாங்க. சங்கம்தான் சரி. ஆனா ஊர்ல பங்குனிப் பொங்கல் அன்னிக்கு நடந்தத நெனச்சா இந்தப் பொய் நாக்குல நிக்க மாட்டேங்குது. சொந்தபந்தம் அம்புட்டு பேரும் பந்தியில உக்காந்திருக்காங்க, ஈஸ்வரி கூட்டு வச்சுக்கிட்டு வாறா, அண்ணன் அவ முதுகுல தட்டி, பாசமாத்தான், பாசத்துல அவர மிஞ்ச ஆள் கெடையாது, "எங்க ஈஸ்வரிக்குத் தெம்பு பத்தல, அதான் தோத்துட்டா. இந்தத் தடவ ஒரு வாரம் முன்னாலயே அனுப்பு கொடி, சொர்ணம் தேத்தி விட்டுருவா"ங்குறாரு. பந்தியே சிரிக்குது. யாரோ, பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குப்பா அந்த வேலைங்குது. அவ கூட்டு வாளியோட நின்னு என்னைப் பாத்தா. இலைக்கு இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் அவ. இப்பச் சொல்லும்மான்னு கேக்குற பார்வை. நான் குனிஞ்சு அப்பளத்த நொறுக்குனேன். அன்னிக்கு ராத்திரி மட்டும் இல்ல, அதுக்கப்புறம் ஆறு மாசமா, அவ என்கிட்ட ஏதும் கேக்கல. காலையில நாலரைக்கு எந்திரிப்பா, சைக்கிள எடுப்பா, மெர்லின் மேடம் பயிற்சி குடுக்குற ஷெட்டுக்குப் போவா, காலேஜுக்குப் போவா, திரும்ப ஷெட்டு. கழுத்தெலும்புக்கு மேல கம்பி பட்டுப் பட்டுத் தோல் தடிச்சுப் போச்சு. பெத்த பிள்ள சண்டை போட்டாத் தாங்கிரலாம். கேக்குறத விட்டுட்டா அது வேற.

வண்டி நகந்துருச்சு. பச்சைய அமுக்கல. எனக்கே என் மேல வெறுப்பா வருது. ஈஸ்வரி மேல இருந்து எறங்கி வந்து பக்கத்துல உக்காந்தா, கன்னம் ஒட்டி, ஒதடு வெடிச்சிருக்கு, கிராப்பு முடி இப்பத்தான் காதுக்குக் கீழ எறங்கியிருக்கு. போனைப் பாத்தா, அதுல தங்கப்பழம் அண்ணன்னு பேர் எரிஞ்சுக்கிட்டிருக்கறதையும் பாத்தா. "இன்னும் சொல்லலையாம்மா?" சொல்லப் போறேண்டி. "கஷ்டமா இருந்தா விடும்மா. மாமா வீட்டுக்கே போவோம். போன தடவ மாதிரி சாப்பிட மாட்டேன், பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துருவேன். அத்தை அழுதாலும் சாப்பிட மாட்டேன்." அவ வெளையாட்டுக்குச் சொல்லல. எனக்காகத்தான் சொல்றா, எனக்குப் பொறந்த வீடு போயிரக் கூடாதுன்னு. பத்தொம்பது வயசுப் பிள்ளை என்னைக் காப்பாத்த வருது. அட பாவி மகளே, நான் சரின்னு சொல்லிருவேனோன்னு எனக்கே பயமா இருந்துச்சு, நெஞ்சுக்குள்ள ஒரு எடம் சரின்னு சொல்லிக்கூடப் பாத்துருச்சு. போவோம், அண்ணன் மொகம் வாடாது, மதினி கண்ணு கலங்காது, பிள்ள பல்லக் கடிச்சுக்கும். கடிப்பாளா? கடிப்பா. மதினி உருண்டையக் கையில வச்சுக்கிட்டு நிக்கும்போது, வாங்கிக்கடின்னு சொல்ல மாட்டேன்னு எனக்கு என்ன நிச்சயம்? அவ வாய நம்பலாம், என் வாயத்தான் நம்ப முடியாது. அந்த வீட்டுக்கு நான் போகவே கூடாது. அதான் லாட்ஜு. பிரியாணிக்காக இல்ல, டிராபிக்குக்காக இல்ல, எனக்காகத்தான் லாட்ஜு. இது இத்தனை நாளாத் தெரியாமப் போச்சு பாரு, மாம்பலம் வந்தப்புறம் வெளிச்சம் வருது. பச்சைய அமுக்கிட்டேன்.

"எங்க வாரீங்க கொடி, மாம்பலமா? நாங்க பிளாட்பாரத்துக்கே வந்துட்டோம்." அண்ணே, ஒரு விசயம், கொஞ்சம் மதினிய விட்டுத் தள்ளி வந்து பேசுங்க. "ஏன், என்ன?" தள்ளி வாங்கண்ணே. செருப்பு சத்தம் கேக்குது, எழும்பூர் ஒலிபெருக்கி சத்தம் கேக்குது. சொன்னேன். போன வருசம் ஈஸ்வரி தோக்கலண்ணே, மேடையே ஏறல, எண்பது கிராம் கூடிப் போச்சு, ராத்திரி நம்ம வீட்டுல சாப்பிட்டதுதான், மதினி குடுத்தாங்க, நான்தான் வாங்கிக்கச் சொன்னேன், முடி வேண்டுதல் இல்லண்ணே, எடைக்கு வெட்டுனது, இந்தத் தடவ லாட்ஜுல ரூம் எடுத்திருக்கேன், வீட்டுக்கு வரல. எல்லாத்தையும் ஒரே மூச்சுல, புள்ளி வைக்காம. ஈஸ்வரி என் முழங்கையப் புடிச்சிருக்கா. வச்சுட்டாரோன்னு காதுல இருந்து எடுத்துப் பாத்தேன், வைக்கல. என் வீடு இருக்கும்போது லாட்ஜான்னு கத்துவாரு, கத்தட்டும், இனிமே இந்தப் பக்கம் வராதம்பாரு, சொல்லட்டும்னு போனைத் திரும்பக் காதோட அமுக்குனேன். அண்ணன் குரல் ரொம்ப மெதுவா வந்துச்சு. "எங்க மொகம் வாடக் கூடாதுன்னு, பிள்ள மொகத்த ஒரு வருசமா வாட விட்டியா? பந்தியில வச்சு நான் என்னென்ன சொன்னேன் அவள. நீ பக்கத்துலதான உக்காந்திருந்த." ஆமாண்ணே. "நீயெல்லாம் ஒரு தாயா." ஆமாண்ணே. அண்ணனா இருக்கப் போயி இதோட விட்டாரு. எனக்கு அழுகை வரல, அழுதா அதுவும் தண்ணிதானன்னு ஒரு கோணப் புத்தி ஓடுச்சு, அழ வேண்டியது அவதான், எடையாவது கொறையும்.

அப்புறம் அண்ணனே, "சரி, லாட்ஜுக்கே போங்க. நான் ஆட்டோ புடிச்சு விட்டுட்டுப் போறேன். ஆனா சொர்ணத்துக்கிட்ட மட்டும் இதச் சொல்லிராத தாயி, அவ தாங்க மாட்டா, சாகுற வரைக்கும் அடுப்பப் பத்த வைக்க மாட்டா. நான் வேற ஏதாவது சொல்லிக்கிறேன். சங்கத்துல எல்லாப் பிள்ளைகளையும் ஒரே எடத்துல தங்கச் சொல்லிட்டாங்கன்னு சொல்லிருவோம்." எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சத்தியமா சிரிச்சுட்டேன், எதிர் சீட்டு அருப்புக்கோட்டை அம்மாகூட மூஞ்சியத் திருப்பிப் பாத்தாங்க. தாம்பரத்துல இருந்து நான் நாக்குக்கடியில வச்சுக்கிட்டு வந்த அதே பொய், அச்சு மாறாம. ஒரே வயித்துல பொறந்ததுக்கு இதுகூட இல்லைன்னா எப்படி. எவ்வளவு நல்ல பொய், எவ்வளவு கருணையான பொய், என் அண்ணனே கையெடுத்துக் கும்புட்டுக் கேக்குற பொய். சரிண்ணேன்னு சொல்ல வாய் எடுத்துருச்சு, எனக்குத் தெரியுது, ஒதடு விரிஞ்சிருச்சு. போன்ல வந்ததக் கேட்டுக்கிட்டிருந்த ஈஸ்வரி முழங்கையில இருந்த கைய எடுத்துட்டா. எடுத்துட்டுப் பைகள அடுக்க எந்திரிச்சுட்டா. அடுத்த பங்குனிக்கும் பந்தி இருக்கும். அடுத்த வருசமும் மதினி உருண்டை புடிப்பாங்க, அவங்களுக்குத் தெரியாட்டி ஏன் புடிக்க மாட்டாங்க? தெரியாதவங்க மேல என்ன குத்தம்? "இல்லண்ணே"ன்னேன். எனக்குப் புத்தி தெரிஞ்ச நாள்ல இருந்து அண்ணன்கிட்ட அந்தச் சொல்லச் சொன்னதா ஞாபகம் இல்ல. "இல்லண்ணே, நீங்க ஏதும் சொல்லாதீங்க. மதினிகிட்ட நான் பேசிக்கிறேன்." கொடி, கொடின்னு அவரு கூப்பிடக் கூப்பிட வச்சுட்டேன்.

வண்டி எழும்பூருக்குள்ள உருண்டு நொழையுது. எஸ் எட்டு நிக்கிற எடத்துக்கு மதினி முன்னாலயே ஓடி வந்துட்டாங்க, அண்ணன் பின்னால போனைக் கையில புடிச்சுக்கிட்டு, வேண்டாம், சொல்லாதன்னு கண்ணாலயே கெஞ்சிக்கிட்டு வாராரு. ஈஸ்வரி ரெண்டு பையவும் ஒரே தோள்ல போட்டுக்கிட்டு எறங்குனா. எறங்குன நிமிசமே மதினி அவ தாடையப் புடிச்சுட்டாங்க. "ஏத்தா, என்னத்தா இப்படி வத்திப் போயிட்ட, கண்ணெல்லாம் குழிக்குள்ள போயிருச்சே, உங்கம்மா சோறு போடறாளா இல்லையா"ன்னுக்கிட்டே கையில இருந்த தூக்குச் சட்டியத் தொறந்து, கருப்பட்டிப் பணியாரத்த ஒண்ணு எடுத்து, நெய் வழியுது, நேரா வாய்க்குக் கொண்டு போறாங்க. "விடிய மூணு மணிக்கு எந்திரிச்சுச் சுட்டேன். வாயத் தொற." கூட்டம் எங்களச் சுத்திக்கிட்டுப் போகுது. ஈஸ்வரி பணியாரத்தப் பாக்கல, மதினியப் பாக்கல, தலையத் திருப்பி என்னைப் பாக்குறா. ரெண்டு எட்டுதான் வச்சேன். மதினி கைய மணிக்கட்டோட புடிச்சேன். வளையல் எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்குச்சு, அவங்க கை சூடா இருந்துச்சு, விடுன்னு இழுத்துப் பாத்தாங்க, நான் விடல. அண்ணன் வந்து பக்கத்துல நின்னுட்டாரு, கொடின்னாரு. நான் அவரத் திரும்பிப் பாக்கல.

"மதினி, கோவம் வந்தா அப்புறமா என்னை எத்தனை வேணும்னாலும் பேசுங்க, வீட்டுக்கு வராதன்னாலும் வரல. இப்ப நான் சொல்றத மட்டும் கேட்டுருங்க. போன வருசம் இவ தோக்கல."